கை பழகும் கல்வி: தொக்கணமும் தாய்லாந்து மசாஜும்

தாய்லாந்தில் ‘நுவாட் தாய்’ என்று வழங்கும் மரபு மசாஜ், தரையில் விரித்த மெத்தைப் பாயில் நடக்கிறது. படுத்திருப்பவர் தொளதொளப்பான பருத்தி உடை அணிந்திருப்பார், எண்ணெய் தேய்ப்பதில்லை. சிகிச்சையாளர் கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் என்று தம் உடலின் பல பகுதிகளாலும் அழுத்துவார். படுத்திருப்பவரின் கைகால்களைப் பிடித்து மடக்கி, முறுக்கி, நீட்டுவார். பாதத்தில் தொடங்கித் தலையில் முடியும் முழு அமர்வு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீளும். 2019 டிசம்பரில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கி நிற்பது சித்த மருத்துவத்தின் தொக்கணம். சித்தர்கள் வகுத்த 32 புற மருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. முக்கியமாக வாத நோய்களுக்கு, தைலம் இட்டும் இடாமலும் செய்வார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது செயல்களாக நூல்கள் அதைப் பிரிக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தாய்லாந்துப் பயிற்றுநர் ஒருவர் பார்த்த மாத்திரத்திலேயே அடையாளம் காண்பார். ஆனால் கற்பிக்கும் விதத்தில் இரண்டும் வெகுதூரம் விலகிவிட்டன. தாய்லாந்து இந்தக் கைவேலையைப் பாடத்திட்டம், பயிற்சி மணிகள், தேர்வு, அரசுப் பதிவு என்று முழுமையான தொழிற்கல்வியாக வளர்த்துவிட்டது. இங்கே மருத்துவருக்குப் பட்டப்படிப்பு உண்டு. கையால் வேலை செய்கிறவருக்கான கல்வி இன்னும் மெலிந்தே கிடக்கிறது. ஓலைச்சுவடிகளுக்கும் கைதேர்ந்தவர்களுக்கும் குறைவில்லாத காவிரிக்கரையில் இப்படி ஆனதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது.

திருச்சியின் திருவரங்கம் அரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சன்னிதி உண்டு. அதனோடு சேர்ந்து ஓர் ஆரோக்கியசாலை இயங்கியதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட போசள மன்னன் வீர ராமநாதன் காலத்தில், கருடவாகன பட்டர் என்பவர் அந்தச் சாலையை அமைத்தார். பின்வந்த படையெடுப்பில் அது சிதைந்தது. அதே கருடவாகனப் பட்டம் தாங்கிய ஸ்ரீனிவாசர் 1493இல் அதைச் சீரமைத்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார். இராமானுசர் காலத்திலேயே கருடவாகனர் குடும்பத்திடம் கோயிலின் மருத்துவப் பொறுப்பு வந்துவிட்டது என்பது கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு சொல்லும் மரபு. ஆழ்வார்களின் வரலாற்றைப் பாடும் ‘திவ்யசூரி சரிதம்’ கருடவாகன பண்டிதர் பெயரில் வழங்குவதைப் பார்த்தால், மருத்துவமும் புலமையும் அந்த வழியில் ஒன்றாகவே வளர்ந்தன என்று கொள்ளலாம்.

இதற்கும் முந்தைய சான்று பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த அந்தக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றை விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், மருந்து காய்ச்சும் பெண்கள், நாவிதர் என்று பணியாளர்களும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளும் தைலங்களும் அதில் வரிசையாக வருகின்றன. யார் எவ்வளவு நெல் பெற வேண்டும் என்பதுவரை கல்லில் ஏறியிருக்கிறது. அந்தத் தைலத்தை எந்தக் கை, எந்தத் திசையில், எவ்வளவு அழுத்தி நீவியது என்பது மட்டும் எங்கும் ஏறவில்லை. தமிழ்க் கல்வெட்டுகள் மருத்துவ நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பதிந்தன. நுட்பம் ஓலைச் சுவடிகளிலும் குடும்பங்களின் கைப்பழக்கத்திலும் தங்கியது.

கைப்பழக்கம் தங்கிய குடும்பங்கள் எவை என்பதையும் சொல்ல வேண்டும். சுளுக்கு வழிப்பது, பிடிப்பை உருவி எடுப்பது, பிரசவம் பார்ப்பது, பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்து நீவுவது ஆகியவற்றைத் தலைமுறைகளாகச் செய்துவந்தவர்கள், மருத்துவர் என்றே பெயர் பெற்ற முடிதிருத்தும் சமூகத்தினரும் அவர்கள் வீட்டு மருத்துவச்சிகளும்தான். சமூக அடுக்கில் அவர்கள் கீழே வைக்கப்பட்டதால் அவர்களுடைய கைத்திறன் ஏட்டுக் கல்வியாக மதிக்கப்படவில்லை. அதைக் கற்பிக்க ஒரு பள்ளியும் எழவில்லை. தென்கோடியில் வர்ம ஆசான்கள், உடலின் உயிர்நிலைப் புள்ளிகளான 108 வர்மங்களையும் (12 படுவர்மம், 96 தொடுவர்மம்) நம்பிக்கைக்குரிய சீடர்களுக்கு மட்டும் பல ஆண்டுகள் பழக்கிக் கொடுத்தார்கள். தவறான கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சம் அந்த மறைப்புக்கு நியாயமான காரணம்தான். என்றாலும் சீடர் அமையாத ஆசானோடு அவர் கலையும் மண்ணுக்குள் போனது.

பாங்காக்கில் வேறு முடிவு எடுக்கப்பட்டது. 1830களில் மன்னர் மூன்றாம் ராமா, அரண்மனையை ஒட்டிய வாட் போ கோயிலைப் புதுப்பித்தபோது, நாட்டின் மருத்துவ அறிவைத் திரட்டிக் கோயில் சுவர்களில் பொதுமக்கள் படிக்கும்படி பொறிக்கச் செய்தார். மருந்துச் செய்முறைகளோடு, மசாஜுக்கென 60 பலகைகளில் மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரையப்பட்டன. அழுத்த வேண்டிய புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும், ஒவ்வொரு புள்ளியும் எந்த நோவுக்கு உதவும் என்ற குறிப்பும் அவற்றில் உண்டு. தாமே உடலை வளைத்து நீட்டிக்கொள்ளும் முனிவர் சிலைகளும் அதே வளாகத்தில் வைக்கப்பட்டன. வாட் போ கல்வெட்டுத் தொகுதி 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. ஏறக்குறைய இதே காலத்தில் திருச்சிக்குக் கிழக்கே தஞ்சாவூரில், 1832இல் மறைந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகாலில் மருந்துகளை ஆராய்ந்து தொகுக்கச் செய்திருந்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பின்னர் அச்சேறிய அந்தத் தொகுப்பு மருந்துகளுக்கு அரிய சேவை செய்தது. கைவேலைக்கு அப்படி ஒரு தொகுப்பு அமையவில்லை.

சுவர் ஓவியம் மட்டும் கலையைக் காப்பாற்றிவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைமருத்துவம் அரசு மருத்துவமாக நிலைபெற்றபோது தாய்லாந்திலும் மரபு மருத்துவம் ஓரங்கட்டப்பட்டது. 1955இல் வாட் போ வளாகத்தில் மரபு மருத்துவப் பள்ளி தொடங்கி, சில ஆண்டுகளில் மசாஜும் அங்கே பாடமானது. 1960களில் வடக்கே சியாங் மாயிலும் ஒரு பள்ளி எழுந்தது. 1980களில் அரண்மனை மசாஜை முறையாகக் கற்பிக்கும் கல்வி நிலையமும், கிராமத்து வழிமுறைகளை மீட்கும் இயக்கமும் சேர்ந்துகொண்டன. 2016ஆம் ஆண்டின் சுகாதார நிலையங்கள் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற நிலையத்தில் வேலை செய்கிறவர் அரசு ஏற்ற பயிற்சியை முடித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான அடிப்படைப் பயிற்சி 150 மணி நேரம். சிகிச்சை நோக்கில் செய்வதற்கு 800 மணி நேரம். வெளிநாட்டவர் பெரிதும் சேர்கிற 30 மணி நேர அறிமுக வகுப்பு இவற்றின் வாசற்படிதான். அதை முடித்தவுடன் தம்மை நிபுணர் என்று அறிவித்துக்கொள்வது பிறர் உடலோடு விளையாடுவதாகும்.

பயிற்சியின் கோட்பாட்டுப் பகுதி தமிழ் மாணவருக்கு அந்நியமாக இராது. உடலில் ‘சென்’ எனப்படும் பத்து முதன்மைக் கோடுகள் தொப்புளைச் சுற்றித் தொடங்கி ஓடுகின்றன என்பது தாய்லாந்து மரபு. அவற்றில் முதல் மூன்றும் இட்டா, பிங்கலா, சுமனா. சித்த நூல்களின் தச நாடிகளும் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்றே தொடங்குகின்றன. புத்தரின் மருத்துவரான ஜீவகரை இக்கலையின் ஆதிகுருவாகத் தாய்லாந்தினர் வணங்குகிறார்கள். வகுப்பும் குருவணக்கத்தோடுதான் தொடங்கும். பௌத்தமும் வணிகமும் இந்தப் பெயர்களைக் கடல் கடத்தின. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்து வணிகர்களைக் குறிப்பிடுகிறது. காற்றின் ஓட்டம் தடைபட்டால் நோவு உண்டாகும் என்ற தாய்லாந்துக் கருத்தும், வாதம் சீர்கெட்டால் பிடிப்பும் குத்தலும் வரும் என்ற சித்தக் கருத்தும் ஒரே திசையில்தான் பார்க்கின்றன.

உடலைத் திறந்து பார்த்தால் இந்தக் கோடுகளுக்கு ஒத்த குழாயோ நாரோ தென்படுவதில்லை. இதனால் அவை வீண் என்று ஆகிவிடாது. தொடையின் வெளிப்புறம், முதுகெலும்பின் இருபக்கத் தசைகள், கெண்டைக்கால் நடுக்கோடு என்று கை வழக்கமாகப் போக வேண்டிய பாதைகளை மாணவர் மனத்தில் பதியவைக்கும் வரைபடமாக அவை நன்கு உதவுகின்றன. இன்றைய நல்ல பாடத்திட்டம் கோடுகளைச் சொல்லிக்கொடுக்கும்போதே அவற்றின் கீழிருக்கும் தசை, நரம்பு, தமனி ஆகியவற்றின் பெயர்களையும் இடங்களையும் சேர்த்தே கற்பிக்கிறது.

கைப்பயிற்சி உண்மையில் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ஆரம்பிக்கிறது. புதிதாகக் கற்பவர் தோள்வலிமையைக் கொண்டு அழுத்துவார். அரை மணியில் களைத்துப்போவார். பயிற்றுநர் முதலில் திருத்துவது இதைத்தான்: முழங்கை மடங்காமல் கை நேராக இருக்க, இடுப்பை முன்னே சாய்த்து உடல் எடையை மெல்ல இறக்க வேண்டும். 10 கிலோ எடை 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உள்ளங்கை வழியே இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம்தான். அதே எடை 4 சதுர சென்டிமீட்டர் கட்டைவிரல் வழியே இறங்கினால் இரண்டரை கிலோ. அதனால்தான் எந்த இடத்தையும் உள்ளங்கையால் தளர்த்திய பிறகே விரலுக்குப் போவார்கள். அழுத்தத்தை மூச்சு வெளியேறும்போது ஏற்றி, சில நொடிகள் நிறுத்தி, ஏற்றிய வேகத்திலேயே இறக்க வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் தசை தற்காப்பாக இறுகிக்கொள்ளும்.

அரண்மனை வழி, நாட்டு வழி என்று இரு பாணிகள் உண்டு. அரண்மனை வழியில் சிகிச்சையாளர் முழந்தாளிட்டு அணுகி, மணிக்கட்டிலும் பாதத்திலும் நாடி பார்த்து, ஒரு முழத் தூரம் விட்டு அமர்ந்து, கைகளை மட்டுமே பயன்படுத்துவார். அரச குடும்பத்தவர் உடலைத் தொட நேர்ந்த காலத்தின் ஒழுக்கம் அது. புள்ளிகளைத் துல்லியமாக அறியும் பயிற்சி அதில் அதிகம். முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் நாட்டு வழிக்கு உரியவை. மருத்துவமனைப் பணிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்னதையும், பொது நிலையங்களில் வேலை செய்பவர்கள் பின்னதையும் கற்கிறார்கள்.

கற்பவர் தம் உடலைக் காத்துக்கொள்வதும் பாடத்தின் ஒரு பகுதி. கட்டைவிரல் நுனியில் 1 கிலோ கிள்ளுவிசை கொடுத்தால், அதன் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை சேர்கிறது. பல ஆண்டுகள் விரலை மட்டுமே நம்பியவர்களுக்கு அந்த மூட்டு தேய்ந்து நோவு வருவது இயல்பு. விரல், உள்ளங்கை, முன்கை, முழங்கை என்று கருவியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தொழிலில் நீடிக்கும் வழி. தரையில் சம்மணமிட்டும் குந்தியும் வளர்ந்தவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் இந்த வேலைக்கு எளிதில் இசையும்.

அழுத்தம் தரும் இதத்திற்கு அறிவியல் சில விளக்கங்களைத் தருகிறது. தோலிலும் தசையிலும் தொடுகை, அழுத்தம், இழுவை, அதிர்வு ஆகியவற்றை உணரும் தனித்தனி ஏற்பிகள் இருக்கின்றன. மென்தொடுகையை மின்குறியாக மாற்றும் பீசோ 2 என்ற புரதத்தைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் படாபூட்டியனுக்கு 2021இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடும்போது கூடுதலாகத் தூண்டப்படும் நுண்நரம்புகள், அந்தச் செய்தியை மூளையில் இத உணர்வோடு தொடர்புள்ள பகுதிக்கு அனுப்புகின்றன. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதை, 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாடு விளக்கியது: தொடுகைச் செய்தி முதுகுத்தண்டில் வலிச் செய்தி ஏறும் வழியை ஓரளவு அடைக்கிறது. நீட்டிப் பழக்கும்போது தசை அந்த நீட்சியைத் தாங்கும் எல்லை உயர்கிறது. நாடித்துடிப்பு தணிந்து உடல் ஓய்வுநிலைக்கு மாறுகிறது.

சொல்லப்படும் எல்லாப் பயனும் மெய்ப்பிக்கப்பட்டது என்று எண்ணக் கூடாது. தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றுகிறது என்று பல நிலையங்களில் சொல்கிறார்கள். அந்த அமிலம் உடற்பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். இடுப்புவலிக்கு மசாஜ் குறுகிய கால நிவாரணம் தருவதாக ஆய்வுகள் காட்டினாலும், 2015இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு அந்தச் சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்றே தீர்மானித்தது. இந்த எல்லையைத் தெரிந்து பேசுகிற சிகிச்சையாளரை நம்பலாம்.

எங்கே தொடக் கூடாது என்பது பயிற்சியின் உயிர்ப்பகுதி. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவினால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். காய்ச்சல், எலும்பு முறிவு, முற்றிய எலும்புத் தேய்வு, தோல் தொற்று, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்ளுதல் ஆகியவற்றையும் முதலிலேயே கேட்டறிய வேண்டும். நீண்டகால நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். அழுத்தம் மிகுந்தாலும் அவரால் சொல்ல முடியாது. தாய்லாந்து முறையில் ‘காற்றின் கதவைத் திறத்தல்’ என்று ஓர் உத்தி உண்டு. தொடையிடுக்கில் தமனியின் மேல் உள்ளங்கையை வைத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை அழுத்தி, பிறகு மெல்ல விடுவார்கள். கால் முழுதும் வெதுவெதுப்புப் பரவும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், சுருள்சிரை உள்ளவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இதைச் செய்யவே கூடாது.

தமிழ்நாட்டுச் சலூன்களில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துக் கழுத்தை நெட்டி முறிக்கும் பழக்கம் இந்த இடத்தில் தனியே நினைக்கத்தக்கது. கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர், திடீர்த் திருப்பத்தில் கிழியக்கூடும். அங்கே உறையும் இரத்தம் பக்கவாதத்தில் முடியலாம். அரிதாகவே நடக்கும், ஆனால் நடந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. முறையான பாடத்திட்டத்தில் வெடுக்கென்ற கழுத்து முறிப்புக்கு இடமில்லை.

திருச்சியில் இன்று இந்தத் தொழிலைக் கற்க விரும்புகிறவருக்கு வழிகள் சிலவே. முழு மருத்துவராக விரும்புபவர் ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் சேரலாம். 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இதில் மூத்தது. 2005இல் தாம்பரத்தில் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மேற்படிப்புக்கு உரியது. தொக்கணமும் வர்மமும் பட்டப்படிப்பின் பாடங்கள். கையால் சிகிச்சை தரும் பணியாளருக்கு அரசின் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு உண்டு. அதை முடித்தவர்கள் அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் சிகிச்சை உதவியாளர்களாக அமர்கிறார்கள். இடங்கள் குறைவு. மற்றவர்களுக்குத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஸ்பா தெரபிஸ்ட் சான்றிதழ் இருக்கிறது. அது ஓட்டல், அழகு நிலையப் பணிகளை நோக்கியது, தொக்கணத்தின் ஆழம் அதில் வராது. பரம்பரையாகச் சுளுக்கு வழிப்பவர்களின் கைத்திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு வந்தால், அவர்களுக்கும் நோயாளிக்கும் ஒருசேரப் பாதுகாப்புக் கிடைக்கும்.

சட்டமும் இன்னும் தெளியவில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த மாதமே, திருச்சியில் ஸ்பா நடத்தக் காவல்துறையின் தடையின்மைச் சான்று கோரிய வழக்கில், மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மாறான கருத்தைச் சொன்னார். மசாஜ் அறைக்குள் கேமரா வைப்பது, உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டு புட்டசாமி தீர்ப்பு உறுதிசெய்த அந்தரங்க உரிமையையும் உடல்மீதான தன்னுரிமையையும் பாதிக்கும் என்பது அவர் நிலைப்பாடு. ஒரு சிலர் செய்யும் குற்றங்களால் தொழில் முழுவதையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் சூழலில், பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் பிரித்துக் காட்டும் பதிவேடு ஒன்று இருந்திருந்தால் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் வேலை எளிதாகியிருக்கும்.

தாய்லாந்தில் 150 மணி நேரம் படித்துச் சான்றிதழோடு திரும்புகிறவர் இங்கே உடல் தளர்வுக்கான மசாஜை நிலைய உரிமத்தின் கீழ் செய்யலாம். முடக்குவாதம், நரம்புத் தளர்ச்சி, தண்டுவட நோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்லிச் சிகிச்சை தருவதற்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. அதற்குப் பதிவு பெற்ற மருத்துவரின் நோயறிதலும், அவர் எழுதித்தரும் குறிப்பும், அவர் மேற்பார்வையும் வேண்டும்.